ரைசா தேடிய பம்பு

பிப்ரவரி 7, 2017 - செவ்வாய்

காலையில் இரண்டு வீடு. முதல் வீட்டில் கன்று குறுக்கே கிடந்தது. தோள்வரை கைவிட்டுத் திருப்பி இழுத்தேன். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. இரண்டாவது வீட்டில் மாடு என்னைக் கிட்டவே விடவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு பின்வாங்கியது. வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாட்டு வைத்தியரைக் கூப்பிட்டா பெட்ரோல் பங்க்கு நடந்து வருது" என்றாள். முகர்ந்து பார்த்தேன். பொய்யில்லை. கோட்டு, கை, தொப்பி, எல்லாம் அதே வாடை. நேற்று டேங்க் நிரப்பும்போது சிந்தியிருக்கும்.

மைனஸ் ஒன்பது. பனி இல்லை.

பிப்ரவரி 9, வியாழன்

ரைசா கூப்பிட்டாள். ஆறு நிமிடம்.

சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குளிரா, குளிர். கிழவி எப்படி, அப்படியேதான். அப்புறம் இருவரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் போயிற்று. "சரி, வச்சிடட்டுமா?" "ம்."

இந்த மாதத்தோடு ஏழு வருடம், அவள் இத்தாலிக்கு, பாதுவாவுக்குப் போய். அந்தக் கிழவி ஒர்த்தென்சியா அம்மாளைக் குளிப்பாட்ட, ஊட்ட, இரவில் பக்கத்துக் கட்டிலில் படுக்க. ஞாயிறுகூட வேலைதான், வியாழன் மதியம் இரண்டிலிருந்து எட்டு வரைதான் அவளுக்கென்று இருக்கும் பொழுது. மகள் படிப்புக்காகப் போனாள். மகள் படித்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, யாஷ் நகரில் குடியேறியே மூன்று வருடம் ஆகிறது. ஆகஸ்ட் லீவுக்கு வந்துபோவதோடு சரி, ரைசா திரும்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ ஏன் வரவில்லை என்று முன்பெல்லாம் அவள் கேட்பாள். அங்கே வேலை செய்ய வசதியாக ருமேனியப் பாஸ்போர்ட்கூட எடுக்க வைத்தாள். அது பீரோவில் கிடக்கிறது. இப்போது அவளும் கேட்பதில்லை.

பிப்ரவரி 11, சனி

சிந்தியதில்லை. ஒழுகுகிறது. காரை எடுத்த இடத்தில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

ஹாராலாம்பியைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கூட்டுப்பண்ணை இருந்தவரை டிராக்டர் மெக்கானிக். வந்ததும் என்ஜினுக்குள் தலையை விட்டான்.

"பெட்ரோல் பம்பு. உள்ள ரப்பர் சவ்வு இருக்கும், அது கிழிஞ்சுபோச்சு. இந்தா, அடியில ஊசித்துளை தெரியுதா? அது வழியா சொட்டுது." ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தான். "ஆயில்ல கலக்கல. தப்பிச்சே. கலந்திருந்தா என்ஜினுக்கு அடக்கம்தான். வெளியில சொட்டுறது பரவால்லைன்னு நினைக்காதே. ஒரு பொறி பட்டா நீயும் காரும் சேந்து வறுவல்."

சவ்வு மாற்றும்வரை ஓட்டக்கூடாது என்றான். ஆறு கிலோமீட்டர் சேற்றில் அடுத்த ஊர். நடக்க வேண்டும்.

பிப்ரவரி 16, வியாழன்

ஓர்ஹெய் சந்தையில் வாங்கிய சவ்வு நாலே நாளில் ஊறின ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. மறுபடி சொட்டு.

ரைசாவிடம் சொல்வதற்கு வேறொன்றும் இல்லாததால் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

"தனாசே, அந்தக் காரை இத்தாலிக்காரங்க வரைஞ்சு குடுத்துதானே ரஷ்யாவுல செஞ்சாங்க? உங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரே. அப்போ இதுதான் அதுக்குத் தாய்வீடு. நான் தேடுறேன்."

"நீ எங்க போய்த் தேடுவே?"

"பஸ் இருக்கு, கால் இருக்கு, வாய் இருக்கு. படம் எடுத்து அனுப்பு."

பம்பைக் கழற்றித் துடைத்து, சாப்பாட்டுத் தட்டில் வைத்துப் படம் எடுத்தேன். நல்ல தட்டு, நீலப்பூ ஓரம் போட்டது. "கிறுக்கா, என் தட்டா?" என்று எழுதியிருந்தாள்.

இருபத்திரண்டு நிமிடம் பேசினோம்.

பிப்ரவரி 23, வியாழன்

குரல் பதிவு பதினொன்று. பழைய கார்கள் உடைக்கும் இடத்துக்குப் போயிருக்கிறாள், நகரத்துக்கு வெளியே. இரண்டு பஸ் மாறி.

"தனாசே, இங்க காரெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கு, நம்ம கல்யாணத்தன்னிக்கு ராத்திரி உன் சொந்தக்காரங்க படுத்திருந்த மாதிரி."

"தனாசே, ஒரு நாய் என் பின்னாலயே வருது. நல்ல நாய்."

"சவ்வுக்கு இத்தாலியில என்னன்னு தெரியல. கன்னத்தை உப்பி, உள்ள இழுத்து, உப்பிக் காட்டினேன். அந்த ஆள் டாக்டர் வீட்டுக்கு வழி சொல்றான்!"

பம்பு கிடைக்கவில்லை. கோழிக்குத் தீனி போடும்போது பதினொன்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

பிப்ரவரி 27, திங்கள்

ஹாராலாம்பி ஒரு பம்பு கொண்டுவந்தான். அந்தக் காலத்துச் சரக்கு, பிரிக்காத கிரீஸ் காகிதத்தோடு. யாரோ கொட்டகையைக் காலி பண்ணும்போது அகப்பட்டதாம். பம்பு உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்து, அதற்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள நடுக்கட்டைக்கு இரண்டு பக்கமும் புது கேஸ்கட் வைத்து முடுக்கினான். கைநெம்பியை ஏழெட்டுத் தடவை அடித்துப் பெட்ரோல் ஏற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். தாள் காய்ந்து கிடந்தது.

"என்னடா முகம் இப்படி இருக்கு? ஓடலைன்னா அழுவே, ஓடினாலும் அழுவியா?"

மகிழ்ச்சிதான் எனக்கு. மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 1, புதன்

மார்த்திசோர், வசந்தத்தை வரவேற்கும் நாள். ஊர் முழுக்கச் சட்டையில் சிவப்பு வெள்ளை நூல். பால் வாங்கும் மையத்துப் பெண் வீட்டில் குத்திவிட ஆளில்லாத என் கோட்டிலும் ஒன்றைக் குத்திவிட்டாள். "பாவமா இருக்கு உங்களப் பாத்தா" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள்.

மார்ச் 2, வியாழன்

"இன்னும் ஒழுகுதா?"

"ஒழுகுது."

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. அவள் உடனே அடுத்த ஊர், அடுத்த கடை, எந்த பஸ் என்று ஆரம்பித்துவிட்டாள். ஒரு மணி பத்து நிமிடம்.

ஏன்டா அப்படிச் சொன்னே? ஓடுதுன்னு சொன்னா என்ன ஆயிருக்கும்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், குளிரா, குளிர், வச்சிடட்டுமா. அதுதானே ஆயிருக்கும்.

அடுத்த வாரம் சொல்லிவிடுவேன்.

மார்ச் 9, வியாழன்

சொல்லவில்லை.

மோன்செலிச்சே என்ற ஊருக்கு ரயிலில் போயிருக்கிறாள். கிடைத்தது வேறு வகைப் பம்பு. திரும்பும் ரயில் வரும்வரை ஒரு கால்வாய்க்கரையில் நடந்துகொண்டே பேசினாள். அவளாகவே அந்த ஆகஸ்ட் மாதத்துக்குப் போனாள். அப்பாவின் காரை நான் கேட்காமல் எடுத்துவந்து, சொரோக்காவுக்குத் தர்ப்பூசணி வாங்கப் போகிறோம் என்று அவளை ஏற்றிக்கொண்ட நாள். அவளுக்குப் பத்தொன்பது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை முன்பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உன் சட்டையில பெட்ரோல் வாடை. நீ ஏதேதோ பெருமையா பேசுறே, நான் ஒண்ணும் கேக்கல, அந்த வாடையைத்தான் மோந்துக்கிட்டு வந்தேன். இங்க எங்கயாவது பங்க்கைத் தாண்டிப் போனா இப்பவும் ஒரு நிமிஷம் நின்னு மோந்துட்டுத்தான் போறேன்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். இதை அவள் சொன்னதே இல்லை.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்கும் நடந்தா போனே?"

"நடந்துதான்."

"பூட்ஸ் நனைஞ்சிருக்குமே."

"நனைஞ்சுச்சு."

கார் முற்றத்தில் நின்றது. என்ஜின் மூடி இன்னும் சூடு ஆறவில்லை.

மார்ச் 17, வெள்ளி

நேற்று ரைசா பம்பு தேடிப் போன ரோவிகோவில் மழை. இரும்புக்குவியல் நடுவே வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. படம் அனுப்பினாள், சிரித்த முகத்தோடு. அந்தக் கையால்தான் தினம் காலையில் ஒர்த்தென்சியா அம்மாளைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும்.

ஹாராலாம்பியிடம் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த ஒயின் தம்ளரைக் கீழே வைத்தான்.

"டேய், பேச்சுத்துணை வேணும்னா ரேடியோ வாங்கு. பொண்டாட்டியைக் காயலான் கடையில உருட்டுவியா?"

அவன் மனைவி கலீனாவும் இத்தாலிக்குத்தான் போனாள். நாலாவது வருடம் அங்கேயே ஒருவரோடு வாழ ஆரம்பித்துவிட்டாள். போகும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

"கலீனா பேச்சைக் குறைச்சுக்கிட்டே வந்தப்ப நான் எந்தப் பம்பையும் ஒழுக விடல. விட்டிருக்கணுமோ என்னவோ. ஆனா நீ சொல்லிடு. வியாழக்கிழமை. முதல் வார்த்தையா."

மார்ச் 23, வியாழன்

முதல் வார்த்தையை அவள் சொன்னாள். "கெடச்சிருச்சு!"

முதலில் போன அதே கடைதான். நாய் இருக்கும் கடை. கடைக்காரர் எங்கேயோ சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். கட்டிப்பிடித்துக்கொண்டாளாம், அந்த ஆளை. நம்மூருக்குப் பொதி ஏற்றிவரும் வித்தாலியேவின் மினிபஸ்ஸில் கொடுத்துவிட்டாள், ஞாயிறு வந்துவிடும்.

எப்படிச் சொல்வது? அந்தக் குரலுக்கு எப்படிச் சொல்வது?

மார்ச் 26, ஞாயிறு

டவுன் சதுக்கத்தில் மினிபஸ். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு குடும்பம் காத்து நின்றது. காப்பித்தூள், பாலாடைக்கட்டி, எனக்கு ஒரு ஸ்வெட்டர். நடுவில் துண்டில் சுற்றிய பம்பு. அந்தத் துண்டில் அவளுடைய சோப்பு வாசம். அங்கேயே, சதுக்கத்தில், முகத்தைப் புதைத்துக்கொண்டேன். யார் பார்த்தார்களோ.

வித்தாலியே போனைத் தூக்கிப் பிடித்தான். பொதி சேர்ந்ததற்கு அத்தாட்சியாக எல்லோரையும் படம் எடுத்து அனுப்புவான், அது அவன் வழக்கம். எடுத்த பிறகுதான் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, கார் ஓடலைன்னு அக்கா சொன்னாங்களே? 'நடந்துதான் வருவார், மூட்டையைக் கனமா கட்டிடாதே'ன்னு அத்தனை தடவை சொன்னாங்களே?"

"இன்னிக்குத்தான்..." என்று இழுத்தேன். அவன் அதற்குள் அடுத்த பெயரைக் கூவிக்கொண்டிருந்தான்.

மார்ச் 30, வியாழன்

"படம் பாத்தேன். பின்னால நம்ம கார். எப்பலருந்து ஓடுது?"

"பிப்ரவரி இருபத்தேழு."

அவள் எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"மணிக்கட்டு இன்னும் வலிக்குது, தனாசே."

"உன் குரலைக் கேக்கணும்னு..."

"குரல் வேணும்னா கூப்பிடு. ஆள் வேணும்னா கிளம்பி வா. ரெண்டும் செய்யாம எதுக்கு என்னை மழையில அலைய விட்டே? வாரத்துக்கு ஆறு மணி நேரம். அவ்வளவுதான் எனக்குன்னு இருந்தது. அதையும் எடுத்துக்கிட்டே."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 6, வியாழன்

கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

ஏப்ரல் 13, வியாழன்

இல்லை.

ஏப்ரல் 16, ஈஸ்டர்

முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டேன். நாலே முட்டை. ஹாராலாம்பியோடு மோதி உடைத்தோம். இரண்டு தடவையும் உடையாமல் ஜெயித்தது அவன் முட்டைதான். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ரைசாவுக்கு அனுப்பினேன். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று வந்தது. அது எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது.

ஏப்ரல் 18, செவ்வாய்

அவள் பம்பைப் பொருத்திப் பார்த்தோம். ஏன் என்று ஹாராலாம்பி கேட்டான். அவள் அவ்வளவு தேடியதை ஒரு நாளாவது ஓட்ட வேண்டும் என்றேன்.

இரண்டு போல்ட்டும் சரியாக உட்கார்ந்தன. உள்ளேயிருந்து தள்ளும் கம்பிதான் நெம்பியை எட்டவில்லை. தாய்வீட்டுப் பம்புதான், ஆனால் ரஷ்யாவில் இந்த என்ஜினையே மாற்றிவிட்டார்களாம். நடுக்கட்டையைக் கழற்றினோம், மெலிதான கேஸ்கட் வைத்தோம். ஒரு சொட்டு இழுக்கவில்லை.

ஹாராலாம்பி தான் கொண்டுவந்த பம்பையே திரும்ப மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "சேந்துருச்சுன்னு சொல்லு. அவ வந்து மூடியைத் திறந்து பாக்கப் போறாளா? மனசாவது ஆறும்."

ஆறும்தான். சொன்னால் பேசிவிடுவாள். ராத்திரியே எழுதி அனுப்பினால்... இல்லை, இன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம்.

ஏப்ரல் 20, வியாழன்

இரண்டு மணிக்கு எழுதி அனுப்பினேன்: "உன் பம்பைப் போட்டுப் பாத்தேன். சேரல."

இரண்டு ஐந்துக்குக் கூப்பிட்டாள்.

"சேரலையா?"

"கம்பி எட்டல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். "அஞ்சு வாரம், தனாசே! எத்தனை ஊர்! அந்த மனுஷனைக் கட்டிப்பிடிச்சு முத்தம் வேற குடுத்தேன்!" நானும் சிரித்தேன். அப்புறம்தான் அழுதாள்.

"வியாழன்னா ஸ்டேஷன் முன்னால பெஞ்சு. நம்மூர்ப் பொம்பளைங்க வரிசையா உக்காந்து எப்படா எட்டு மணியாகும்னு கடிகாரத்தைப் பாப்போம். ஏழு வருஷம். அந்த அஞ்சு வாரம்தான் நான் பெஞ்சுல உக்காரல. எங்கயோ போனேன், யாரையோ கேட்டேன், உனக்காக ஒண்ணு செஞ்சேன். அது பொய்யாயிருச்சுன்னுதான் எனக்கு..."

"பொய் என்னோடது. நீ தேடினது பொய்யில்ல."

பஸ் ஒன்று போயிற்று. எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"நான் அங்க வந்தா?"

"எத்தனை வருஷமா கூப்பிட்டேன்."

"பயம், ரைசா. இங்க மூணு ஊருக்கும் என்னைத் தெரியும். அங்க வந்து நான் யாரு? ரைசாவோட புருஷன். அவ்வளவுதான்."

"ஆமா," என்றாள். "வேற யாரா இருக்கணும் உனக்கு?"

ஏப்ரல் 28, வெள்ளி

நான் இத்தாலி போய்வரும்வரை நத்தாலியா என் ஊர்களைப் பார்த்துக்கொள்கிறாள், ஆகஸ்ட் வரை. பக்கத்து வட்டத்து வைத்தியர், சின்ன வயது. எந்த மாடு உதைக்கும், எந்த வீட்டுக்காரர் பொய் சொல்வார் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "அண்ணே, மாட்டைவிட மனுஷங்க பட்டியல்தான் நீளமா இருக்கு" என்றாள்.

மே 6, சனி

காரிலேயே போகிறேன் என்றதும் ஹாராலாம்பி திட்டினான். பிறகு இரண்டு நாள் அதன் அடியிலேயே கிடந்தான். பெல்ட், பிரேக், ரப்பர் குழாய் எல்லாம் பார்த்தான். மூடியைச் சாத்திவிட்டுச் சொன்னான்.

"கலீனாவும் அந்தப் பக்கம்தான் எங்கயோ இருக்கா. பாத்தா ஒண்ணும் சொல்லாதே. நல்லா இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வா."

மே 9, செவ்வாய்

ஹங்கேரி. எண்பதுக்கு மேல் போகவில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கையாட்டுகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்க்கிறேன். காய்ந்திருக்கிறது.

மே 11, வியாழன். பாதுவா

ஒன்றரைக்கே அந்தத் தெருவுக்கு வந்துவிட்டேன். ஒர்த்தென்சியா அம்மாள் ஜன்னலில் இருந்தாள். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், உள்ளே திரும்பி ஏதோ கத்தினாள்.

ரைசா இரண்டு மணிக்கு முன்பே இறங்கி வந்தாள். முடியை வெட்டியிருக்கிறாள். போன ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோதுகூட இந்த நரை இல்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முன்பலகையில் கையை வைத்தாள், அப்படியே வைத்திருந்தாள்.

"எங்க போலாம்?"

"முதல்ல நேராப் போ."

போனேன். ஒரு கால்வாய் ஓரம் நிறுத்தினேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஏழு வருடமாகப் போனில் பேசிப் பழகியவர்களுக்கு முகத்தைப் பார்த்தால் வார்த்தை வரவில்லை. ஆகஸ்ட் மாதங்களிலும் இப்படித்தான். பேச்சு வருவதற்குள் லீவு முடிந்துவிடும். அவள் ஜன்னல் பக்கம், நான் ஸ்டியரிங் பக்கம். கால் மணி நேரம்.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் காதில் வைத்தேன்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"நானும் இல்ல. பக்கத்துல ஒரு இடம் இருக்கு. வர்றியா?"

மே 24, புதன்

நகரத்துக்கு வெளியே பால்பண்ணை. முந்நூறு மாடு. ரைசாவின் தோழி சொல்லி, சும்மா பார்க்கத்தான் போனேன். அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிகள். ஒரு பசுவுக்குக் கன்று வராமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம். கோட்டைக் கழற்றினேன். யாருக்கும் யார் பேச்சும் புரியவில்லை. மாட்டுக்குப் புரிந்தது. கன்று விழுந்ததும் ஹர்பால் என்ற பெரியவர் என் தோளைத் தட்டி, இனிப்பான பால் டீ ஒரு பெரிய தம்ளர் கொடுத்தார்.

முதலாளி வேலை தருவதாகச் சொல்லி, நாளை பேப்பர்களோடு வரச் சொன்னார்.

ஜூன் 15, வியாழன்

மூன்று வாரச் சம்பளம். கலீனாவைச் சந்தையில் பார்த்தேன். நன்றாக இருக்கிறாள். ஹாராலாம்பிக்கு எழுதினேன். "சரி" என்று மட்டும் பதில் வந்தது.

அக்டோபர் 19, வியாழன்

நோட்டைத் திறந்து நாலு மாதம் ஆகிவிட்டது. ஊரில் என் இடத்தை நத்தாலியாவுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள். நல்லதுதான். அந்தக் கடிதத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் தொழுவத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

ஒர்த்தென்சியா அம்மாளின் மகனிடம் ரைசா பேசிவிட்டாள். நவம்பர் முதல் தேதியிலிருந்து பகல் வேலை மட்டும். இரவுக்கு வேறொரு பெண் வருகிறாள்.

எங்கள் இருவருக்கும் பண்ணைக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்பு. இன்று இரண்டு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போக வேண்டும். அளவு எடுத்துவரச் சொன்னாள், மறந்தால் திட்டுவாள். ஜன்னல்: அகலம் ஒரு மீட்டர் இருபது, உயரம் தொண்ணூறு. இரண்டு திரை.